வலைக்கு அந்தப் பக்கம்: மொரீஷியஸ் பயணக் குறிப்புகள்

2025 ஜூலை 25, வெள்ளி – கத்ர் போர்ன்

மொரீஷியஸுக்கு வந்து சில நாள் தங்கிப் போகும்படி தங்கை மகள் வெகுகாலமாக அழைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அழைப்போடு ஒரு வேலையும் சேர்ந்து வந்தது. அவளுடைய மகள் தமிழ் படிக்கும் மாலை வகுப்பின் ஆசிரியை, இந்தியத் தேசிய இறகுப்பந்துச் சாம்பியன்ஷிப்பின் வரலாற்றைத் தம் மாணவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். கும்பகோணத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாவட்ட அளவில் ஆடியும், பின்னர் போட்டிகளில் எல்லைக்கோட்டு நடுவராக அமர்ந்தும் என்னோடு வளர்ந்த விளையாட்டு இது. அதைப் பற்றித் தமிழில் கேட்க ஒரு வகுப்பு காத்திருக்கிறது என்று தெரிந்தபின் கிளம்பாமல் இருக்க மனம் வரவில்லை.

மும்பை வழியாக வந்து இறங்கிய விமான நிலையத்திலிருந்து கத்ர் போர்ன் வரையில் சாலையின் இரு புறமும் கரும்புதான். அறுவடை தொடங்கிவிட்டது. கியூர்பிப் மேட்டில் பனிமூட்டம் இருந்தது. ஜூலை இங்கே குளிர்காலம். விமான நிலையத்தில் மாற்றிய ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது அதைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

மாலையில் பேத்தியோடு மெட்ரோ ஏறி ரோஸ் ஹில் போனோம். அவள் அங்கே ஒரு பயிற்சியாளரிடம் ஆடப் பழகுகிறாள். இத்தீவின் தேசிய இறகுப்பந்து மையம் இருப்பதும், மொரீஷியஸ் பன்னாட்டுப் போட்டி நடந்து வந்திருப்பதும் இந்த ரோஸ் ஹில்லில்தான். பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தவுடன் எனக்குப் பழகிய ஒலிகள் எல்லாம் கேட்டன: ரப்பர்க் காலணி தரையில் தேயும் கீச்சொலி, நரம்பில் ஷட்டில் படும் வெடிப்பு, யாரோ இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எண்ணும் புள்ளிகள். 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்ட அந்தச் செவ்வகம் கும்பகோணத்தில் இருந்தாலும் ரோஸ் ஹில்லில் இருந்தாலும் ஒன்றுதான். ஷட்டில் மட்டும் அப்படியில்லை. வெப்பமான இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் அது வேகமாகப் பறக்கும். அதனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெவ்வேறு வேக எண் கொண்ட ஷட்டில்களை எடுத்து வைத்திருப்பதாகப் பயிற்சியாளர் சொன்னார். அவர் பின்கோட்டிலிருந்து கீழ்க்கை வீச்சாக ஒன்றை அடித்து, அது எதிர்ப்பக்கத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே அவருடைய கவனம் தெரிந்தது.

இரவு படுக்குமுன் பேச்சுக்கான குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டேன். நம் நாட்டில் தேசியச் சாம்பியன்ஷிப்பைப் பற்றி யார் எழுதினாலும் பேசினாலும் அது வென்றவர்களின் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. இன்னார் ஒன்பது முறை, இன்னார் எட்டு முறை, இன்னார் ஏழு முறை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று, வென்றவரை அந்த உயரத்துக்கு ஏற்றியவர் யார் என்பது எங்கும் வருவதில்லை. இந்த வகுப்பிலாவது இரு பெயர்களையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

ஜூலை 26, சனி – போர்ட் லூயி

காலையில் ஆசிரியை எங்களைப் போர்ட் லூயிக்கு அழைத்துப் போனார். கைலாசம் என்று ஊரார் சொல்லும் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலில் வழிபட்டுவிட்டு, வெளித் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். அவர் குடும்பம் இத்தீவுக்கு வந்து தலைமுறைகள் பல ஆகிவிட்டன, வீட்டில் கிரியோல்தான். தமிழை வகுப்பில் கற்று, மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் மேலும் படித்து, இன்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நிறைவாகச் சொல்லும் அவர் தமிழைக் கேட்பது இனிமையாக இருந்தது.

எங்கிருந்து தொடங்குவீர்கள் அம்மா என்று அவர் கேட்டார். தஞ்சாவூரிலிருந்து என்றேன். கம்பளி நூல் பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்தாட்டம் 1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தில் ஆடப்பட்டதாகச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பள்ளி மைதானங்களில் ஐந்து ஐந்து பேராக இன்றும் அதை ஆடுகிறார்கள். காற்றடித்தால் இறகுப்பந்து இழுத்துக்கொண்டு போய்விடும். கம்பளிப் பந்து அவ்வளவாக அலையாது. திறந்த வெளியில் ஆடியவர்களுக்கு அது ஏற்றதாக இருந்ததில் வியப்பில்லை. இறகுப்பந்தின் விதிகளோ 1870களில் புனேயில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடையே வடிவம் பெற்று இங்கிலாந்துக்குப் போயின. இந்தியாவின் சங்கம் 1934இல் அமைந்தது. தேசியச் சாம்பியன்ஷிப்பும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1940களின் நடுவில் மாநிலங்களுக்கு இடையிலான ஆடவர் குழுப் போட்டிக்கு ரஹீம்தூலா கோப்பை வந்தது. மகளிருக்குச் சத்தா கோப்பை. குழுப் போட்டியும் தனிநபர் போட்டியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து நடந்ததால், பஞ்சாபில் ஆடியவரும் சென்னையில் ஆடியவரும் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் பார்த்துப் பழகும் இடமாகவும் அது ஆயிற்று. தொலைக்காட்சி இல்லாத காலத்தில் வேறு வழியும் கிடையாது.

அந்த முதல் காலத்தில் மகளிர் ஆட்டத்தை ஏறக்குறைய ஒரு வீடே நடத்தியது. புனேயைச் சேர்ந்த புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் டி. பி. தேவ்தரின் மகள்கள் தாரா, சுந்தர், சுமன் ஆகிய மூவரும் 1940களில் தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஓங்கி நின்றவர்கள். ஒற்றையரில் அக்கா தங்கை எதிரெதிரே நிற்பதும், இரட்டையரில் அவர்களே ஒரே பக்கம் சேர்வதும் நடந்தன. வீட்டு முற்றத்துச் சண்டை தேசிய அரங்குக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். தங்கையின் பேக்ஹேண்ட் எங்கே தளரும் என்று அக்காவுக்குத் தெரியும். அது அக்காவுக்குத் தெரியும் என்று தங்கைக்கும் தெரியும். அப்படிப்பட்ட எதிராளியை வெல்வதற்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

இதைச் சொன்னதும் ஆசிரியை, எங்கள் தீவிலும் அக்கா தங்கை உண்டு என்றார். கேரன் ஃபூ கூன், கேட் ஃபூ கூன் என்ற சகோதரிகளைத்தான் அவர் சொன்னார். அக்கா கேரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மொரீஷியஸ் கொடியை ஏந்திச் சென்றவர். அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான கேட், 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே கொடியை ஏந்தினார். ஆப்பிரிக்கச் சாம்பியன்ஷிப்பின் மகளிர் ஒற்றையர் பட்டத்தையும் கேட் ஒரு முறைக்கு மேல் வென்றிருக்கிறார். ஒரே விளையாட்டில், ஒரே வீட்டிலிருந்து, எட்டு ஆண்டு இடைவெளியில் இருவர் ஒரு நாட்டின் கொடியைத் தூக்குவது எந்த நாட்டிலும் அரிது. பதின்மூன்று லட்சத்தைக்கூட எட்டாத மக்கள் தொகை கொண்ட தீவில், தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றுகளுக்கு வருபவர்கள் ஒருவரை ஒருவர் குழந்தைப் பருவம் முதல் அறிந்திருப்பார்கள். இந்தியாவின் தொடக்க காலமும் அப்படித்தான் இருந்தது. நாடு பெரிது; ஆடியவர்களின் வட்டம் சிறிது. ஆகவே தேவ்தர் சகோதரிகளின் கதை இந்த மாணவர்களுக்கு அயல் கதையாக இருக்காது என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது.

ஜூலை 27, ஞாயிறு – கோயில் மலை

கோர் தெ கார்த் மலைச்சரிவில் கத்ர் போர்ன் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசம் இத்தீவில் அரசு விடுமுறை; அன்று இந்தப் படிகளில் காவடிகள் நிறைந்திருக்குமாம். இன்று கூட்டம் இல்லை. மேலே நின்று பார்த்தால் கீழே கத்ர் போர்னும் அதற்கு அப்பால் ரோஸ் ஹில்லும் தெரிந்தன. பேத்தி தன் பயிற்சிக் கூடத்தைச் சுட்டிக் காட்டினாள். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு, பெரிய பாட்டி, ஒரு கதை சொல்லுங்கள் என்றாள். பிரகாஷ் நாத்தின் கதையைச் சொன்னேன்.

1947 மார்ச். இங்கிலாந்தில் நடக்கும் பெரும் இறகுப்பந்துப் போட்டியான ஆல் இங்கிலாந்து சாம்பியன்ஷிப், உலகப் போரால் நின்றுபோய் மீண்டும் தொடங்கிய ஆண்டு. லாகூரைச் சேர்ந்த பிரகாஷ் நாத்தும் அவருடைய நண்பர் தேவிந்தர் மோகனும் இந்தியாவிலிருந்து ஆடப் போனார்கள். இருவரும் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரர்கள். ஒருவரோடு ஒருவர் ஆடி ஆடியே தேறியவர்கள். ஆட்ட அட்டவணையில் காலிறுதியிலேயே இருவரும் மோத வேண்டியதாயிற்று. இருவரும் ஆடிக் களைத்து, வெல்பவர் அடுத்த சுற்றில் தளர்ந்து தோற்பதைவிட, ஒருவர் புத்துணர்ச்சியோடு மேலே செல்லட்டும் என்று எண்ணி, நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். பிரகாஷ் நாத்துக்கு விழுந்தது. அவர் அரையிறுதியையும் வென்று இறுதிக்குப் போனார். அதுவரை எந்த இந்தியரும் அங்கே போனதில்லை. இறுதி நாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால், லாகூர் கலவரத்தில் எரிகிறது என்ற செய்தி. வீட்டார் என்ன ஆனார்கள் என்று தெரியாத நிலையில் களம் இறங்கிய அவர் ஸ்வீடனின் கானி ஜெப்சனிடம் தோற்றார். பிறகு ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

பேத்தி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நாணயம் அவருடைய நண்பருக்கு விழுந்திருந்தால் என்று கேட்டாள். தேவிந்தர் மோகன் இறுதிக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அந்தச் சுண்டலுக்கு இசைந்திராவிட்டால் பிரகாஷ் நாத்தின் பெயரை நாம் இன்று சொல்லியிருக்க மாட்டோம் என்றேன். விட்டுக்கொடுத்தவரின் பெயரையும் மனப்பாடம் செய்துகொள் என்றும் சொன்னேன்; தேவிந்தர் மோகன், தேவிந்தர் மோகன் என்று படி இறங்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாடு பிரிந்தபோது பஞ்சாப் ஆட்டக்காரர்களின் உலகமும் இரண்டாகப் பிளந்தது. அதன் பின் எழுந்தவர் மகாராஷ்டிரத்தின் சாங்லியில் 1933இல் பிறந்த நந்து நாட்டேகர். மணிக்கட்டின் நுட்பத்தால் ஆடியவர். அவர் ஓங்கும் கையைப் பார்த்து ஷட்டில் எங்கே வரும் என்று கணிக்க முடியாது என்று அவரைப் பார்த்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1956இல் மலாயாவில் செலாங்கூர் பன்னாட்டுப் போட்டியை வென்று, வெளிநாட்டில் பட்டம் வென்ற முதல் இந்திய இறகுப்பந்து வீரர் ஆனார். 1961இல் அர்ஜுனா விருது தொடங்கியபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர் இருந்தது. தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் பட்டம் ஆறு முறை. இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்துப் பதினேழு. அவருக்கு எதிரே நின்றவர்களில் முதன்மையானவர் திரிலோக் நாத் சேத். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து, தாமும் பல முறை தேசியப் பட்டத்தை வென்ற சேத்தின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1950களில் நாட்டேகர் ஓர் ஆண்டு அசந்தால் அடுத்த ஆண்டுக் கோப்பை சேத்தின் வீட்டில் இருக்கும் என்ற நிலை இருந்ததால்தான் நாட்டேகரால் அவ்வளவு ஆண்டுகள் கூர்மை மழுங்காமல் ஆட முடிந்தது என்பது என் கருத்து.

1960களுக்குச் சுரேஷ் கோயலும் தினேஷ் கன்னாவும். கன்னா 1965இல் லக்னோவில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப் இறுதியில் தாய்லாந்தின் சங்கோப் ரத்தனுசோர்னை வென்றார். அடுத்த ஆண்டு தேசியச் சாம்பியனும் ஆனார். ஆசியாவை வென்ற பின்னரே நாட்டை வென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளூரில் கோயலும் நாட்டேகரும் இருந்த காலம் அது. மகளிரில் அதே பத்தாண்டு மீனா ஷாவுடையது. 1959 முதல் 1965 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு ஒற்றையர் பட்டம்.

மதியம் ஆசிரியையின் உறவினர் வீட்டில் வாழை இலையில் ஏழு கறியோடு சோறு போட்டார்கள். அங்கேயும் பேச்சு இறகுப்பந்தில்தான் வந்து நின்றது.

ஜூலை 28, திங்கள் – ரோஸ் ஹில்

இன்று ஆடிப்பூரம். தங்கை மகள் கோயிலுக்கு வளையல் வாங்கிப் போனாள். எனக்கு இந்தத் தேதி வேறொரு காரணத்தாலும் மறக்காது. 1988 ஜூலை 28 அன்று மாலை, லக்னோவில் கே. டி. சிங் பாபு விளையாட்டரங்கில் பயிற்சி முடித்து வெளியே வந்த சையது மோடி சுட்டுக் கொல்லப்பட்டார். 2021இல் அதே ஜூலை 28 அன்று புனேயில் நந்து நாட்டேகர் காலமானார். ஒருவர் எண்பத்தெட்டு வயது வரை நிறைவாக வாழ்ந்தார். மற்றவருக்கு அப்போது வயது இருபத்தைந்து.

மாலைப் பயிற்சி தொடங்குமுன் பயிற்சியாளரிடமும் பிள்ளைகளிடமும் மோடியைப் பற்றிச் சொல்ல விரும்பினேன். ஆசிரியை கிரியோலில் எடுத்துச் சொன்னார். மோடியைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பிரகாஷ் பதுகோனைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் பதுகோன் பழகிய இடம் ஒரு கல்யாண மண்டபம். கனரா யூனியனுக்குச் சொந்தமான அந்த மண்டபத்தில் முகூர்த்த நாட்களில் பந்தி நடக்கும். மற்ற நாட்களில் கோடு போட்டு ஆடுவார்கள். அப்படிப் பழகிய பையன் 1971இல், பதினாறு வயதில், தேசிய இளையோர் பட்டத்தையும் வயது வரம்பில்லாத பெரியவர்களுக்கான பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றான். அதிலிருந்து 1979 வரை ஒன்பது ஆண்டு வேறு யார் கைக்கும் கோப்பை போகவில்லை. 1978இல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் தங்கம். 1980 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதியில் இந்தோனேசியாவின் லீம் சுவீ கிங்கை 15-3, 15-10 என்று வென்றார். வேகத்துக்குப் பேர்போன கிங்கை வேகமாக ஆடவே விடாமல், மெல்லத் தொட்டு வலையோரம் இறக்கியும், உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பியும் அவர் கட்டுப்படுத்திய விதம் இன்றும் பயிற்சியாளர்கள் பாடம் எடுக்க வேண்டிய ஒன்று.

உலகமே பதுகோனைக் கொண்டாடிய அந்த 1980இல்தான் தேசியச் சாம்பியன்ஷிப் அவர் கையை விட்டுப் போயிற்று. கோரக்பூர் மாவட்டத்திலிருந்து வந்த சையது மோடி அதை எடுத்துக்கொண்டார். 1980 முதல் 1987 வரை எட்டு ஆண்டு தொடர்ந்து அவரே சாம்பியன். 1982இல் பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில் தங்கமும் வென்றார். இரு பட்டியல்களையும் அடுத்தடுத்து வைத்தால் பதினேழு ஆண்டுகள், இரண்டே பெயர்கள். இதைப் பலர் அக்காலத்தின் வறட்சி என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஒன்பது ஆண்டு அசைக்க முடியாத ஒருவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த சிறுவனுக்கு எட்ட வேண்டிய உயரம் எது என்பது நாள்தோறும் கண்ணெதிரே இருந்தது. 1976இல் மோடி இளையோர் சாம்பியன் ஆனபோது பதுகோனின் ஆட்சி பாதி வழியில் இருந்தது. மீதிப் பாதியை அவர் படிப்பாகவே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மோடிக்கு வாழ்க்கை கொடுத்தது ரயில்வே வேலை. இதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இந்தியத் தேசியப் போட்டியின் வரலாற்றில் ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், விமான நிலைய ஆணையம் ஆகியவற்றின் பெயர்கள் மாநிலப் பெயர்களுக்கு நிகராக வரும். ஆடுவதற்கென்று ஒரு சம்பளம் இல்லையென்றால் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்து ஊர்ப் பையனான மோடி இருபது வயதில் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை தேடப் போயிருப்பான். பயிற்சியாளர் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார். இங்கேயும் பதினெட்டு வயதில் நல்ல ஆட்டக்காரர்கள் மேற்படிப்புக்குக் கடல் கடந்து போய்விடுவது அவருக்குப் பெரிய கவலை.

லக்னோவில் இன்று மோடியின் பெயரால் ஆண்டுதோறும் பன்னாட்டுப் போட்டி நடக்கிறது. ஆனால் அந்தப் பெயரை உச்சரிக்கும் இளையோரில் பலருக்கு அவர் எப்படி ஆடினார் என்பது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

பேச்சு முடிந்தபோது சொல்லாமல் விட மனம் வராத இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தது: தமயந்தி தாம்பே. தேசியச் சாம்பியன், 1970இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1971 டிசம்பர் போரில் அவருடைய கணவர், விமானப் படை அதிகாரி, பாகிஸ்தான் எல்லைக்குள் விமானத்தோடு போனவர் திரும்பவில்லை. சிறைபிடிக்கப்பட்டிருக்கிறார் என்று நம்பி, தமயந்தி பல பத்தாண்டுகள் அரசுகளின் கதவைத் தட்டினார். திருமணமாகி இரண்டாண்டுகூட ஆகாத பெண். ஆட்டம் அத்தோடு நின்றது. சாம்பியன் பட்டியலில் அவர் பெயருக்கு அடுத்த ஆண்டில் வேறு பெயர் இருக்கும்; அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே என்ன நடந்தது என்பதைப் பட்டியல் சொல்லாது. பிரகாஷ் நாத்தின் பிரிவினையும், தமயந்தியின் போரும், மோடியின் கொலையும் அந்த வரிகளுக்கு நடுவேதான் இருக்கின்றன. இதைச் சொன்னபோது ஆசிரியை மொழிபெயர்ப்பதை நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 29, செவ்வாய் – வகுப்பு

வகுப்பறையில் பெற்றோரும் வந்து அமர்ந்திருந்தார்கள். நான் எளிய தமிழில் மெதுவாகப் பேசினேன். கரும்பலகையில் பெயர்களை இரண்டிரண்டாக எழுதிக்கொண்டே போனேன்: தாராவுக்கு எதிரே சுமன், நாட்டேகருக்கு எதிரே சேத், பதுகோனுக்கு அடுத்து மோடி.

பதுகோன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த 15-3 என்ற எண்ணைப் பார்த்து ஒரு மாணவன் எழுந்து, புள்ளி இருபத்தொன்று அல்லவா என்று கேட்டான். நல்ல கேள்வி. பழைய முறையில் சர்வீஸ் செய்பவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும்; எதிராளி ரேலியை, அதாவது ஷட்டில் கீழே விழும்வரை மாறி மாறி அடிக்கும் ஒரு சுற்றை, வென்றால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். ஆடவருக்குப் பதினைந்து, மகளிர் ஒற்றையருக்குப் பதினொன்று. பின்தங்கியவர் பொறுமையாகச் சர்வீஸைப் பறித்துப் பறித்து மீண்டு வர முடியும். எண்ணிக்கை நகராமலே ஆட்டம் நீளும். 2006இல் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி, இருபத்தொன்றுக்கு ஆட்டம் என்று மாறியது. தவறுக்கு உடனே விலை கொடுக்க வேண்டும் என்றாயிற்று. பொறுமையால் ஆண்டவர்களின் காலம் அங்கே முடிந்து, முதல் அடியிலிருந்தே தாக்குபவர்களின் காலம் தொடங்கியது.

அந்த மாற்றத்தின் வாசலில் நின்றவர் அபர்ணா போபட். அமி கியா ஏழு முறையும், மதுமிதா பிஷ்ட் எட்டு முறையும் வென்ற மகளிர் ஒற்றையர் பட்டத்தை அபர்ணா தொடர்ந்து ஒன்பது முறை வென்று பதுகோனின் எண்ணிக்கையைத் தொட்டார். 2006இல் ஒன்பதாவது பட்டத்துக்கான இறுதியில் எதிரே நின்ற சிறுமி சாய்னா நேவால். அந்தத் தோல்விக்கு ஆறு ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னா வெண்கலம் வென்றார். ஆடவரில் 1996 முதல் ஐந்து முறை தேசியச் சாம்பியனாக இருந்த புல்லேலா கோபிசந்த், முழங்கால் காயத்தோடு போராடி 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றபின், பயிற்சியாளராகிச் சாய்னாவையும் பி. வி. சிந்துவையும் உருவாக்கினார்.

அந்த இருவரும் 2017இல் நாக்பூர் தேசியச் சாம்பியன்ஷிப் இறுதியில் மோதினார்கள். ரியோவில் வெள்ளி வென்று உச்சத்தில் இருந்தவர் சிந்து. சாய்னா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டு வந்துகொண்டிருந்தார். 21-17, 27-25 என்று சாய்னா வென்றார். அந்த இரண்டாவது ஆட்டத்தில் இருபதுக்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் போயிருக்கும் என்பதைக் கரும்பலகையில் 20-20, 21-21 என்று எழுதிக் காட்டியபோது பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். உலக அரங்குகளில் ஆண்டு முழுவதும் சுற்றும் நட்சத்திரங்கள் தேசியப் போட்டிக்கு வருவதில்லை என்ற குறை நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. அது நியாயமான குறை. நாக்பூர் போன்ற ஓர் இறுதியை நேரில் பார்க்கும் பத்து வயதுச் சிறுமிக்குக் கிடைப்பது தொலைக்காட்சியில் ஒருபோதும் கிடைக்காது.

தமிழ்நாட்டிலிருந்து யாரும் இல்லையா என்று ஒரு தாயார் கேட்டார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கைச் சொன்னேன். கை குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யூ5 பிரிவின் மகளிர் ஒற்றையர் அரையிறுதியில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸும் எதிரெதிரே நின்றார்கள். துளசிமதி வென்று இறுதிக்குப் போய் வெள்ளி பெற்றார். மனிஷா அடுத்த ஆட்டத்தில் வெண்கலம் பெற்றார். உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் ஓசூரின் நித்ய ஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். ஒரே மாநிலத்து இரு பெண்கள் பாரிஸில் வலைக்கு இரு பக்கமும் நின்ற அந்த அரையிறுதி எனக்கு எந்தத் தேசிய இறுதிக்கும் குறைந்ததல்ல.

கடைசியாகப் பேத்தி கையைத் தூக்கி, இப்போது யார் என்று கேட்டாள். 2023 டிசம்பரில் குவாஹாட்டியில் நடந்த தேசியச் சாம்பியன்ஷிப் மகளிர் இறுதியில் பதினாறு வயது அன்மோல் கர்பும் பதினைந்து வயது தன்வி சர்மாவும் ஆடினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் தன்வி காயத்தால் விலக, அன்மோல் சாம்பியன் ஆனார். இரண்டே மாதத்தில், மலேசியாவின் ஷா ஆலமில், ஆசிய மகளிர் குழுச் சாம்பியன்ஷிப்பின் இறுதியில் இந்தியாவும் தாய்லாந்தும் இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்துக்கு அனுப்பப்பட்டவர் அன்மோல். அவர் வென்றார், இந்தியாவுக்கு அந்தப் பட்டம் முதன்முறையாகக் கிடைத்தது.

தன்வி என்ன ஆனாள் என்று பேத்தி விடாமல் கேட்டாள். கரும்பலகையில் அன்மோல் பெயருக்கு எதிரே அந்தப் பெயரையும் எழுதிவிட்டுச் சொன்னேன்: சென்ற மாதம் அமெரிக்க ஓப்பன் போட்டியில், பதினாறு வயதில், மகளிர் ஒற்றையர் இறுதி வரை போய் வந்திருக்கிறாள்.